செவ்வாய் இரவு

இலங்கையின் நாவுலப் பக்கம் உளவளத்துணைக்கு வரும் பெண்கள் முதலில் சொல்வது தலையிடி. அடுத்தது நித்திரையின்மை. பயிற்சியில், இதன் பின் குடும்பத்தையும் சிறுவயதையும் கேட்கச் சொல்லித் தந்தார்கள். கேட்பேன். அதற்கு முன், எந்த இரவு மோசம் என்று கேட்பது என் வழக்கம்.

"செவ்வாக்கிழமை ராவுல தான் மிஸ்."

புதன் காலை லோன்காரர் வருவார். பெரிய வெங்காயம் விலை விழுந்த போகத்தில் எடுத்த நுண்கடன். அதை அடைக்க இன்னொன்று. கடன் குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் அயல்வீட்டுக்காரியே வாசலில் நின்று சத்தம் போடுவாள்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறேன். கை நடுக்கம் குறைந்து, பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத முடிந்தால் அது செய்த வேலை போதும். வட்டியைக் குறைக்க மூச்சால் ஆகாது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அதை நான் ஒரு சிகிச்சையாகவே எண்ணுகிறேன்.

இன்னொரு சிகிச்சையும் அரசிடமிருந்தே வந்தது. இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2005க்குள் அது ஏறக்குறையப் பாதியானது. காரணம் எங்கள் தொழில் அல்ல. கொடிய பூச்சிகொல்லிகளுக்குப் போட்ட தடை. ஆனால் நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அப்படிக் குறையவில்லை. பிழைத்தவர்கள் அதே கடனுக்கும் அதே வீட்டுக்கும் திரும்பினார்கள். சட்டம் உயிரைக் காத்த இடத்திலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் ஊரே குலைந்ததைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்கலாகாது என்று எழுதினார். கடனுக்கும் இது பொருந்தும். கதவைச் சாத்திய அறையில் ஒவ்வொருத்தியும், தனக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று அழுகிறாள். அந்த அறையின் இரகசியம் அவளைக் காக்கிறது. அவளது வெட்கத்தையும் சேர்த்தே காக்கிறது.

ஆகவே, சம்மதிப்பவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறேன். முதல் அரை மணி நேரம் சண்டைதான், யார் தவணையை யார் கட்டியது என்று. பிறகு யாராவது ரசீதுகளை எடுத்து, வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று கூட்டத் தொடங்குவார்கள். அந்த நேரம் நான் பேசுவதில்லை. கூட்டல் பிழைத்தால் மட்டும் சொல்வேன்.