ஏறிய கியரில் இறங்கு

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடித்து வீடு திரும்பி, நாம் சாப்பாட்டுக்கு அமர்ந்த நேரம். நம் மகள் தபாலில் வந்த உறையைப் பிரித்து, சிறிய அட்டை ஒன்றை நம் முன்னே வைத்தாள். அவளுடைய ஓட்டுநர் உரிமம் அது.

"அத்தா, நாளைக்குப் போடிமெட்டு வரைக்கும் நானே ஓட்டுகிறேன். சாவியைக் கொடுங்கள்" என்றாள்.

மகிழ்ச்சி பொங்கத்தான் செய்தது. நம் குடும்பத்தில் வண்டியோட்டக் கற்ற முதல் பெண் அவள். ஆயினும் ஆணியில் தொங்கிய சாவியை எடுக்க நம் கை நீளவில்லை. பெண்பிள்ளை என்பதால் தயங்குகிறோம் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அதுவன்று காரணம். அவளிடம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த கதை ஒன்று நம்மிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் சாவியைக் கொடுக்க மனம் துணியவில்லை.

ராசிங்காபுரத்தை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் இது. மேற்கே திரும்பினால் மலை சுவராய் எழுந்து நிற்கும். அந்த மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். அங்கே விளையும் ஏலக்காய் போடியில் ஏலத்துக்கு வருகிறது. இங்குள்ள ஏழைப் பெண்கள் அங்கே கூலிக்குச் செல்கின்றனர். விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, பொழுது சாய வீடு திரும்பும் அவர்களுடைய வாழ்வு, அன்றாடம் ஓர் ஓட்டுநரின் காலடியில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் வண்டியோட்டுவது வெறும் வசதியன்று, பிறர் உயிரை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு.

நாம் ஓட்டப் பழகியது 1986-இல். மகளுக்கு வாய்த்ததுபோல் இரட்டைப் பிரேக் வைத்த பயிற்சி வண்டி நமக்கு வாய்க்கவில்லை. பழைய அம்பாசிடர் ஒன்றும், இருபது ஆண்டு லாரி ஓட்டி ஓய்ந்த ஒரு மனிதரும்தான் நமக்குப் பள்ளிக்கூடம். ஊரார் அவரை 'டிரைவர் வாத்தியார்' என்பர். நாம் 'அண்ணே' என்போம். அவர் நம்மைத் 'தம்பி' என்பார்.

முதல் மூன்று நாள்கள் அவர் நம்மை வண்டியோட்ட விடவில்லை. வண்டியைச் சுற்றி வரச் சொன்னார். அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். "ஆட்டுக்குட்டி படுத்திருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்து பொறுக்கும். உட்கார்ந்தபின் அது உன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை முன்னாலேயே பார்த்துவிடு" என்பார். பிறகு இருக்கையைச் சரிசெய்வது, கண்ணாடியைத் திருப்புவது, கால் மூன்று மிதிகளையும் எட்டுகிறதா என்று பார்ப்பது. நாம் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவி போடுவதைக் கவனித்த அவர், "நல்ல பழக்கம் தம்பி. ஆனால் கை பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்" என்றார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆனாலும் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று நாம் சிறுவயதில் ஓதிப் பழகிய பாடத்தைத்தான் அவர் தம் மொழியில் சொன்னார்.

அடுத்தது மேட்டில் வண்டியை எடுப்பது. புதியவர்கள் எல்லோரும் அஞ்சும் இடம் இதுதான். ஏற்றத்தில் நின்ற வண்டி, பிரேக்கை விட்டதும் பின்னால் உருளும். பின்னால் நிற்பவன் ஹாரன் அடிப்பான். பதற்றத்தில் எஞ்சின் நின்றுபோகும். வாத்தியார் சொன்ன முறை எளியது. கை பிரேக்கை இழுத்து வை. முதல் கியரைப் போடு. கிளட்சை மெல்ல விடு. வண்டியின் மூக்கு சற்றே தூக்கி எஞ்சினின் குரல் கனக்கும். அந்தக் கணத்தில் காலை அசைக்காமல் கொஞ்சம் பெட்ரோல் கொடுத்து, கை பிரேக்கை இறக்கு. வண்டி தானே ஏறும். "பின்னால் ஹாரன் அடிப்பவன் உன் வண்டியை ஓட்டவில்லை, நீதான் ஓட்டுகிறாய்" என்பார். வாழ்க்கையில் பல மேடுகளில் இந்த வாசகம் நமக்குத் துணை நின்றிருக்கிறது.

அடுத்து இறக்கம். போடியிலிருந்து முந்தல் சென்று, அங்கிருந்து மெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் அடிக்குச் சற்று மேலிருக்கும் போடியிலிருந்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்துக்குச் சாலை நம்மைத் தூக்கிச் செல்கிறது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். ஏறும்போது மலையே வேகத்தைக் குறைக்கும்; இறங்கும்போது மலையே வேகத்தைக் கூட்டும். "எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். சூடு ஏற ஏறப் பிரேக் பிடிப்பை இழக்கும். மிதித்தால் கால் பஞ்சில் புதைவதுபோல் இருக்கும்" என்று அவர் பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

பத்து முறை கேட்டோம். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டித் தேறினோம். உரிமம் கைக்கு வந்த நாளிலிருந்து, கேட்டதையெல்லாம் மறக்கத் தொடங்கினோம்.

1987-ஆம் ஆண்டு, மழை விட்ட ஒரு மாலை. உறவினர் ஒருவரின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து இறங்கினோம். பின்னால் ஐந்து பெண்கள். அனைவரும் நம் ஊர்ப் பக்கத்துக் கூலிக்காரர்கள். பெட்ரோலை மிச்சப்படுத்தினால் உறவினர் மெச்சுவார் என்ற ஆசையில் நியூட்ரலில் விட்டோம். நான்கைந்து வளைவுகள் சுகமாகக் கழிந்தன. பிறகு ஏதோ கருகும் வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது, கால் பஞ்சில் புதைந்தது.

இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். கியருக்குள் போட முயன்றோம்; அந்த வேகத்தில் அது ஏறவில்லை. கை பிரேக்கை இழுத்தோம். வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசவிட்டோம். அது ஓடையில் இறங்கிச் சாய்ந்து நின்றது. எல்லோரும் உயிருடன் இருந்தோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு பெண்மணியின் வலக்கை முறிந்திருந்தது. நாம் 'அக்கா' என்று அழைக்கும் அவர், வலியிலும் நம்மைப் பார்த்து, "போகட்டும் பாய் தம்பி, பிரேக் பிடிக்காததற்கு நீ என்ன செய்வாய்?" என்றார்.

அந்தச் சொல்லை நாம் பற்றிக்கொண்டோம். ஊரெங்கும் 'பிரேக் பிடிக்கவில்லை' என்றே சொன்னோம். மருத்துவச் செலவைக் கொடுத்தோம், உண்மையைக் கொடுக்கவில்லை. வாத்தியார் வந்து வண்டியைப் பார்த்தார். "எந்தக் கியரில் இறங்கினாய் தம்பி?" என்று கேட்டார். "இரண்டில்" என்றோம். அவர் நம் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பிரேக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று மட்டும் சொல்லி நடந்தார். அந்த அக்காவின் கை முழுதாக நேராகவில்லை. அந்தப் பருவம் முழுதும் அவருக்குக் கூலி இல்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உண்மையைச் சொன்னோம். "எனக்கு அன்றைக்கே தெரியும், எஞ்சின் சத்தம் கேட்கவில்லையே" என்றார் அவர். மன்னித்தார், ஆனால் வளைந்த கை வளைந்தபடியே இருந்தது.

இதை மகளிடம் சொல்லி முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை ஏன் அத்தா இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டாள். விடை சொல்ல நம்மால் இயலவில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் வெற்றிகளையே பாடமாகச் சொல்கிறோம். தவறுகளைப் பூட்டி வைக்கிறோம். அவர்களுக்கு அதிகம் பயன்படுபவையோ அந்தத் தவறுகள்தாம்.

வண்டியோட்டப் பழகும் பிள்ளைகளை உடைய குடும்பங்களுக்கு இங்கே சில சொல்ல விரும்புகிறோம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அது பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். காருக்குப் பயிற்சிப் பள்ளியில் குறைந்தது 21 நாள்கள், 10 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்கின்றன விதிகள். பத்து மணி நேரம் என்பது தேர்வுக்குப் போதும், சாலைக்குப் போதாது. சிவப்பு 'எல்' எழுத்தைக் கழற்றிய மறுநாளே படிப்பு முடிந்துவிட்டதாக எண்ணவேண்டாம். முதல் ஆறு மாதம் தெரிந்த சாலையில், பகல் வெளிச்சத்தில், அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்து ஓட்டுவது நலம். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மச்சான்மார், கொழுந்திமார் என்று எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சிரிப்பும் பாட்டுமாய்ப் புதியவரை ஓட்டவிடுவது, அவருக்குச் செய்யும் மரியாதை அன்று.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகலாம். அதன்பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். கைப்பேசியை இரண்டு நொடி பார்ப்பவர், ஒரு தெருவின் பாதியைக் கண்மூடிக் கடக்கிறார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

இன்னொன்று பெற்றோருக்கு. பதினெட்டு நிரம்பாத மகன் பைக் கேட்டு அடம்பிடிக்கும்போது, 'தெருவுக்குள்தானே' என்று சாவியைக் கொடுப்பவர்கள் நம் சமுதாயத்தில் குறைவல்லர். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்தச் சிறுவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பாசம் என்று நாம் எண்ணிக் கொடுப்பது சில வேளைகளில் பாசமன்று.

மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பின் சாவியைக் கொடுத்தோம். நாமும் அருகில் அமர்ந்தோம். சொல்லாமலே அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டு ஏறினாள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் மிதிக்காமல், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். மெட்டுக்கு மூன்று நான்கு வளைவுகள் இருக்கையில் பனிமூட்டம் இறங்கிற்று. விளக்கைத் தாழ்த்திக் கொஞ்ச தூரம் சென்றவள், சாலை அகன்ற ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"முன்னால் எதுவும் தெரியவில்லை அத்தா. இன்றைக்கு இவ்வளவு போதும். திரும்பிவிடலாமா?" என்றாள்.

மேலே போகத் தெரிந்தவர் பலர். திரும்பத் தெரிந்தவர் சிலர். உரிமம் என்பது அந்த அட்டையில் இல்லை, இந்தச் சொல்லில் இருக்கிறது என்று நமக்குத் தோன்றியது.

இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே தோட்டத்து ஜீப் ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. குறுகலான மலைச்சாலையில் இறங்குகிறவரே ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. அவள் வளைவுக்கு மேலேயே ஒதுங்கி நின்றாள். ஜீப் நம்மைக் கடந்தது. உள்ளே நெருங்கி அமர்ந்திருந்த பெண்களுள் ஒருவர், ஓட்டும் இடத்தில் ஒரு பெண் இருப்பதைக் கண்டு சிரித்துக் கையசைத்தார்.

மகளும் கையசைத்தாள். பிறகு இரண்டாவது கியரைப் போட்டாள். எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்டது.