எல்லாக் குழந்தைகளையும் போல

டாக்டர்கள் தரும் மருந்துகளில் மிகக் கசப்பானது எது என்று என்னைக் கேட்டால் வேப்பெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ சொல்ல மாட்டேன். "இந்தக் குழந்தையை எல்லாக் குழந்தைகளையும் போல வளருங்கள்" என்று ஒரு டாக்டர் எங்களுக்குச் சொன்னாரே, அதைத்தான் சொல்வேன். மாத்திரையானால் ஒரு மடக்குத் தண்ணீரில் உள்ளே போய்விடும். இது அப்படிப் போகிற சரக்கல்ல.

எங்கள் பெண்ணுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டர் அதை லேசில் எடுக்கவில்லை. பிறகு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "ஓர் எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்" என்றார். எக்கோ என்பது ஒலி அலைகளை அனுப்பி, துடிக்கிற இருதயத்தைத் திரையில் காட்டும் பரிசோதனை. இருதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் 5 மில்லி மீட்டர் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மிளகளவுதான். ஆனால் எங்கள் தூக்கம், சாப்பாடு, சிரிப்பு எல்லாம் அந்த மிளகளவு ஓட்டைக்குள் போய் விழுந்துவிட்டன.

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இருதயத்தில் ஏதாவதொரு குறையுடன் பிறக்கிறது. அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது இந்தச் சுவர் ஓட்டைதான். சிறியதானால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பெரியதானால் ஆபரேஷன். எங்களுக்கு வாய்த்ததோ இரண்டுக்கும் இடைப்பட்டது. நடுத்தரக் குடும்பத்துக்கு ஓட்டைகூட நடுத்தரமாகத்தான் வாய்க்கும் போலிருக்கிறது! "எடை ஏறுகிறதா என்று பாருங்கள். காத்திருப்போம்" என்றார் டாக்டர்.

இடது அறையிலிருந்து உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியே வலது பக்கம் புகுந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. இருதயம் ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டும். அதனால் குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துவிடும். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். என் மனைவி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் துண்டுமாக உட்கார்ந்திருப்பாள். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் நல்ல நேரம், ராகு காலத்துக்குப் பக்கத்தில் குழந்தையின் எடையும் ஏறியது. இருபது கிராம் கூடிய நாள் எங்களுக்குத் தீபாவளி.

பார்க்க வந்தவர்கள் ஆறுதலோடு சந்தேகங்களையும் கொண்டு வந்தார்கள். "கிரகணத்தன்றைக்கு வெளியே வந்தியா? பப்பாளி சாப்பிட்டியா?" வந்தவர்கள் போன பிறகு என் மனைவி ஒவ்வொரு மாதமாகத் திரும்பிப் போய்த் தன்னிடம் குற்றம் தேடிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் டாக்டரிடமே கேட்டுவிட்டாள். அவர் சொன்னார்: "கர்ப்பத்தின் எட்டாவது வாரத்துக்குள் அந்தச் சுவர் கட்டி முடிந்துவிடுகிறது. உண்டாகியிருப்பதே பல பெண்களுக்கு அப்போதுதான் தெரிய வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஏன் வருகிறது என்று காரணம் சொல்ல முடியாது. நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை, அம்மா." அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நான் படித்தேன். 1954 மார்ச்சில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், லில்லிஹை என்ற டாக்டர் இதே ஓட்டையை ஒரு சிறு பையனுக்கு முதன்முதலாகத் தைத்து மூடினார். இருதயத்தைத் திறந்திருக்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டுவது யார்? பக்கத்து மேஜையில் பையனின் தகப்பனாரைப் படுக்க வைத்து, இருவர் உடம்பையும் குழாய்களால் இணைத்தார்கள். தகப்பனின் இருதயமும் நுரையீரலும் இரண்டு பேருக்காக வேலை செய்தன. ஓட்டை மூடியது, ஆனால் அந்தப் பையன் சில நாளில் நிமோனியாவில் போய்விட்டான். அவனோடு சேர்த்து 45 பேருக்கு இம்முறையில் ஆபரேஷன் நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

இன்றைக்கு அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. தகப்பன் மேஜையில் படுக்க வேண்டியதில்லை. படுக்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் படுத்திருப்பேன். எங்களிடம் கேட்கப்பட்டதோ வேறு: குழந்தையை ஓட விடுங்கள், களைத்தால் அதுவே உட்கார்ந்துகொள்ளும், அழுதால் ஓட்டை பெரிதாகாது, பல்லை மட்டும் சொத்தையில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தில் தங்கிவிடக்கூடும்.

பல் துலக்குவது சுலபமாக இருந்தது. ஓட விடுவதுதான் முடியவில்லை. குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அம்மா பின்னாலேயே நடந்தாள். "பாப்பாவை அழ வைக்காதே" என்று ஏழு வயது அண்ணனுக்கு உத்தரவு. அவன் பரமபதத்தில் தினமும் தவறாமல் தோற்றான். ஒரு நாள் இரவு என் காதோடு, "பாப்பா செத்துப் போயிடுமாப்பா?" என்று கேட்டான். "இல்லைடா" என்றேன். அவன் நம்பவில்லை. வீடு அவனுக்கு வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்றரை வயதில் ஒரு காலை, தட்டைத் தள்ளிவிட்டுப் பெண் அறிவித்தாள்: "எனக்கு ஹார்ட்டிலே ஓட்டை. உப்புமா வேண்டாம்."

அம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "போகட்டும், பிஞ்சு. விட்டுடேன்" என்றாள்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏண்டி, ஓட்டை ஹார்ட்டிலேதானே? வயித்திலே இல்லையே? சாப்பிடு!"

குழந்தை திகைத்தது, பிறகு ஊரைக் கூட்டி அழுதது, பிறகு சாப்பிட்டது. அண்ணன்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அன்று சாயங்காலம் பரமபதத்தில், "பாம்பு கொத்திடுச்சு, இறங்கு கீழே!" என்று அவன் அதட்டுகிற குரல் கேட்டது. அவள் கத்தினாள். யாரும் ஓடவில்லை.

அந்த ஓட்டைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுகிறதல்லவா? அதுபோல ஓட்டை சிறுக்கச் சிறுக்க அதன் சத்தம் பலமாகும். மார்பில் கையை வைத்தால் பூனை உறுமுவது போல விரலுக்கே தெரியும். அதைத் தொட்டுப் பார்த்து அம்மா கலங்கியபோது, "சத்தம் போடட்டும் பாட்டி, நல்லதுதான்" என்று டாக்டர் சிரித்தார். எங்கள் வீட்டுச் சத்தத்துக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

சென்ற பரிசோதனையில் ஓட்டை 3 மில்லி மீட்டர். இனி மூடலாம், மூடாமல் அப்படியே இருந்தும் விடலாம். வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படியொரு வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், ஆரஞ்சுப் பழத்தோடு பெருமூச்சையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் குழந்தை உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினால், "என்ன வாலுத்தனம்! கொஞ்சம் கண்டிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதைவிட இதமான வார்த்தையை அந்தத் தாய் வெகு நாளாகக் கேட்டிருக்க மாட்டாள்.