சாரலும் மண் அடுப்பும்

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். ஊருக்கே கொண்டாட்டம். தென்காசிப் பக்கம் கொல்லையில் இருக்கும் மண் அடுப்புக்கு மட்டும் திண்டாட்டம்! கேஸ் தீர்ந்த நாளில் வெந்நீருக்கும் சோற்றுக்கும் அதுதானே கதி?

ஆனால் அடுப்பை உடைப்பது பெரும்பாலும் மழை இல்லை, அவசரம். மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்த அடுப்பில் திடீரென்று பெரிய தீ மூட்டினால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி விரிசல் விடும். மெக்சிகோக்காரர்களின் புகைபோக்கி வைத்த 'சிமினியா' மண் அடுப்புக்கும் இதே விதிதான்.

வைத்தியம் சுலபம். செங்கல் மேல் வையுங்கள். மழைக்குத் தகரம் மூடுங்கள். வெயிலில் காயவிட்டு, முதலில் சுள்ளி போட்டுச் சிறு தீ. சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கீறல் கண்டால் களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசுங்கள்.

பொறுத்தார் அடுப்பு எரியும்!