பொய்க் குஸ்தி

கதை எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கூட்டங்களில் யாராவது கேட்பார்கள். காவேரிக் கரை, பெரிய கோவில், பாட்டி சொன்ன கதை என்று எதையாவது சொல்லி வைப்பேன். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. உண்மையில் நான் கற்றுக்கொண்டது தஞ்சாவூருக்குக் கிழக்கே ஓர் அரிசி ஆலைக் களத்தில், குஸ்தி மேடைக்கு அடியில், கையில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னுடன் உட்கார்ந்திருந்தபோது.

அது 2003-ஆம் வருஷம், மாசி மாதம். அதற்கு முந்தின ஆண்டு மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்கவில்லை, செப்டம்பரில்தான் திறந்தார்கள். குறுவை போயிற்று. சம்பாவும் பல இடங்களில் கருகிற்று. நெல் வராவிட்டால் ஆலை ஓடாது. ஆலை ஓடாவிட்டால் மூட்டை தூக்குகிறவனுக்குக் கூலி ஏது? எனக்கும் வேலை இல்லை. ஆனால் அதற்குக் காவேரியைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டவனுக்கு எந்த வருஷமும் வறட்சிதான்.

அப்போது வீடியோக் கடை வைத்து நொடித்துப்போன ஒருவருக்கு ஒரு யோசனை பிறந்தது. தெருப் பையன்கள் அண்டர்டேக்கர் படம் போட்ட சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். களங்கள் காலி; மூட்டை தூக்கி உரமேறின உடம்புகளும் சும்மாக் கிடக்கின்றன. நாமே நடத்தினால் என்ன? அவரை நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டோம். அவர் என்னைப் 'படிச்ச பையன்' என்று சேர்த்துக்கொண்டார். நோட்டீஸ் எழுதுவது, மேடை கட்டும்போது ஒரு கை பிடிப்பது, யார் எப்படி ஜெயிப்பது என்று அரைத்தாளில் எழுதிக் கொடுப்பது எல்லாம் என் வேலை. பிரசுரமாகாவிட்டாலும் நூற்றுக்கணக்கான பேர் கைதட்டின என் முதல் கதைகள் அவை.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. குஸ்தி என்றால் அவருக்குக் கிங்காங்கும் தாராசிங்கும்தான். 1909-இல் பிராஸோவ் நகரத்தில் எமில் சாயா என்று பிறந்து, மலைபோல் வளர்ந்து, கிங்காங் என்ற பெயரோடு ஆசியாவையே சுற்றினவர் ஒருவர். பஞ்சாபில் தர்மூசக் கிராமத்தில் 1928-இல் பிறந்து, சிங்கப்பூருக்குப் பிழைக்கப்போன இடத்தில் குஸ்தி பயின்று, 1954-இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் பெற்றவர் மற்றவர். வாலிபத்தில் மதராஸில் அவர்கள் மோதியதைப் பார்த்ததைப் பெரியப்பா பத்ரி யாத்திரை போய்வந்ததுபோல் சொல்லுவார். "அதெல்லாம் முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு போடுவார்களாமே, பெரியப்பா?" என்றேன் ஒரு நாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அமெரிக்காவில் அந்தத் தொழிலின் பெரிய கம்பெனியே, 1989-இல் நியூ ஜெர்ஸி சட்டமன்றத்தில், இது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டது. அரசாங்கத்தின் விளையாட்டுக் கண்காணிப்பிலிருந்து தப்ப வேண்டும் என்று சொன்ன உண்மை அது. இதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் மேடையைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை. அதற்கு மேல் வைக்கோல். அதற்கு மேல் தார்ப்பாய். நாலு மூலைக்கும் சவுக்குக் கம்பு. கயிற்றின் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தோம். தஞ்சாவூர் ஜில்லாவில் வைக்கோலுக்குப் பஞ்சம் வரும் என்று யார் நினைத்தார்கள்? அந்த வருஷம் வந்தது. ஒரு கட்டு வாங்க முதலாளிக்கு மனசு வரவில்லை. ஆலையில் காலிச் சாக்குகள் மலையாகக் கிடந்தன, அவற்றைப் பரப்பினோம். சாக்கு வைக்கோல் ஆகுமா? விழுந்து எழுந்தவர்களின் முதுகைக் கேட்டால் சொல்லும்.

பொய்ச் சண்டை என்கிறோம். ஆனால் விழுவது பொய்யில்லை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை விட்டுக்கொண்டே, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழவேண்டும். இரண்டு கைகளாலும் பலகையை அறைய வேண்டும். அந்த அறை வேகத்தையும் குறைக்கும், சத்தத்தையும் கூட்டும். போதாத சத்தத்தை நான் கீழேயிருந்து டின்னைத் தட்டிக் கொடுப்பேன். தூக்கி எறிகிறவனுக்குத்தான் பலம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எறியப்படுகிறவன் தானே எம்பிக் கொடுக்காவிட்டால் எவனும் எவனையும் தலைக்கு மேல் தூக்க முடியாது. தோற்கிறவன்தான் வேலை தெரிந்தவன்.

எங்களில் அப்படி வேலை தெரிந்தவர் முகமூடிக்காரர். 75 கிலோ மூட்டையோடு பலகையில் ஏறி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்த லோடுமேன். தையற்காரரிடம் கறுப்புத் துணியில் முகமூடி தைத்துக்கொடுத்து அவரை அரக்கனாக்கினோம். கறுப்பாக, பெரிதாக இருப்பவனை அரக்கனாக்கும் புத்தி முதலாளிக்கு மட்டும் உண்டானதல்ல; எழுதினவன் நான். அவரை ஜெயிக்கிற நல்லவர், கும்பகோணம் பக்கத்தில் உடற்பயிற்சி நிலையம் வைத்திருந்த சிவத்த மனிதர். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடி அணிந்தவரை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரணியன்மேல் அவர் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்துப் பொய்ச் சண்டை என்று எவரும் சொன்னதில்லை. எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கூட்டம் குறைய ஆரம்பித்தது. "ரத்தம் வரணும்" என்றார் முதலாளி.

அரைத்தாளில் எழுதினேன்: 'இரண்டாம் சுற்று, ரத்தம்.' அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சவரப் பிளேடில் ஒரு துண்டை உடைத்து மணிக்கட்டுப் பிளாஸ்திரிக்குள் வைத்துக்கொண்டு, நெற்றியில் மெல்லக் கீறிக்கொள்ள வேண்டும். வேர்வையில் கலந்து கொஞ்ச ரத்தமே முகம் முழுக்கத் தெரியும். இது உலகம் முழுவதும் உள்ள வித்தை. ஆனால் மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தத் துண்டு அகப்படவில்லை. "தம்பி, நான் கீழே உருண்டு வந்துடறேன். நீயே துணிக்குள்ளேருந்து முகமூடியைத் தூக்கிட்டு ஒரு கீறு கீறிடு" என்றார். உருண்டு வந்தார். கீறினேன். என் கை நடுங்கிற்று. புருவத்துக்கு மேல் ஆழமாக இறங்கிவிட்டது. அவர் ஒரு சத்தம் போடவில்லை. மேலே ஏறிப்போய், எழுதினபடியே இன்னும் இரண்டு தடவை விழுந்துவிட்டுத்தான் தோற்றார். களம் அதிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல். பலகை ஆணி கீறிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னார். அன்று பார்த்து அவர் மனைவி கூட்டத்தில் இருந்திருக்கிறாள். மறுநாள் காலை உடற்பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அதற்கு அடுத்த நாளும். நல்லவர் என்னிடம் ஓடி வந்தார். "வீட்டுலே கைக்குழந்தை இருக்கு தம்பி. எது நெஜம்னு அந்த அம்மாகிட்டே சொல்லிடேன்" என்றார். பாவம், அவர் விரல்கூட அந்த நெற்றியில் பட்டதில்லை.

முகமூடிக்காரரிடம் கேட்டேன். கட்டுப் போட்ட தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. நெசமாத் தோத்தேன்னு நெனச்சுத்தான் அவ அழுவுறா. காசுக்குத் தோத்தேன்னு தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நெனைப்பா?"

அன்று சாயங்காலம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, நீ படிச்ச புள்ளே. பொய் சொல்லமாட்டே. அந்த ஆளு ஏன் இவரை இப்படி அடிச்சான்?"

"கோபத்துலே கை மீறிப் போச்சுக்கா. உங்ககிட்டே வர வெக்கப்பட்டுக்கிட்டு எங்கிட்டே குடுத்து அனுப்பினாரு" என்று நூறு ரூபாயை நீட்டினேன். அது முதலாளி எனக்குக் கொடுத்த கூலி.

ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்தாள். "கோவந்தானே? மனுசன்னா வரும்" என்றாள். வாங்கி முடிந்துகொண்டாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து, "அவன் புள்ளெக் குட்டி நல்லா இருக்கட்டும்னு நான் சொன்னதாச் சொல்லு" என்றாள்.

குஸ்தி அந்தக் கோடையோடு சரி. அந்த வருஷம் மேட்டூர் திறக்க அக்டோபர் ஆகிவிட்டது. முகமூடிக்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

2012-இல், தாராசிங் காலமான அதே ஜூலை மாதம், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. தழும்பு புருவத்தை இரண்டாக வகிர்ந்திருந்தது.

"அந்த ஆளு இன்னும் இங்கேதான் இருக்கானா, தம்பி?" என்று கேட்டாள் அவள்.

"இருக்காருக்கா. புள்ளே பள்ளிக்கூடம் போவுது."

"நல்லவன்தான். அன்னிக்கு ஏதோ கோவம்" என்று புருஷனிடம் சொன்னாள். அவர் கட்டைவிரலால் புருவத்தைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். மன்னார்குடி பஸ் வந்தது. அவர் அவளை முதலில் ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி குதிகாலால் பலகையை இரண்டு தரம் தட்டினார். மேடையில் விழப்போகும்போது, டின்னைத் தட்டு என்று எனக்குக் கொடுக்கிற ஜாடை அது.