ஒரு மறதி தந்த எழுத்து

ஜாவாவில் ஜோக்ஜகார்த்தாவுக்குப் போகிறவர்கள் மாலியோபோரோ வீதியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பாடிக் துணிக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாளும் அவருடைய எட்டு வயது மகளும் உடன் வந்தார்கள். தெருப் பெயர்ப் பலகையில் ரோமன் எழுத்தோடு ஜாவானிய எழுத்தும் கோலம் போட்டது போல் வளைந்து நெளிந்திருந்தது.

"படியுங்களேன்" என்றேன். அம்மாள் வெட்கத்துடன் சிரித்தார். "பள்ளியில் படித்ததுதான். பாட்டு மறக்கவில்லை; எழுத்து மறந்துவிட்டது!"

அது என்ன பாட்டு? மறுநாள் அந்தக் குழந்தையின் வகுப்புக்கே போய்க் கேட்டேன்.

வாத்தியாரம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தார். அஜி சாகா என்ற அரசன் தன் குத்துவாளைச் சேவகன் ஒருவனிடம் கொடுத்து, தன்னைத் தவிர யாருக்கும் தரக்கூடாது என்றானாம். பிறகு அதை மறந்து, வாளை வாங்கிவர இன்னொருவனை அனுப்பிவிட்டான். இருவருமே எஜமான் சொல்லைத் தட்டாதவர்கள். சண்டை மூண்டது, சமபலம், இருவரும் மாண்டார்கள். மனம் நொந்த அரசன் அந்தச் சோகத்தை நாலே வரியில் சொன்னானாம்.

அந்த நாலு வரிதான் ஜாவானிய எழுத்து வரிசை! 'ஹ ந ச ர க' என்று தொடங்கி, வரிக்கு ஐந்தாக 20 எழுத்துக்கள். 'ங' கடைசியில் வருகிறது. கதை தெரிந்தால் வரிசை தானாக வரும்.

குறிகளின் பெயர்களும் அப்படியே. 'உ' குறி 'சுக்கு', அதாவது கால். எழுத்தின் அடியில் தொங்கும். 'இ' குறி 'வுலு', அதாவது ரோமம்; தலைமேல் இருக்கும். நம் மெய்ப்புள்ளியின் வேலையைச் செய்வது 'பங்கோன்', அதாவது மடி. மடியில் வைத்தால் எழுத்து அடங்கிவிடும். மனிதரும் அப்படித்தான் என்பார்கள்! ஓகாரக் குறியோ, நம் 'கோ'வில் போல எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. அதிசயமில்லை. இந்த எழுத்தின் பூர்வீகம் பல்லவ எழுத்து. மேற்கு ஜாவாவில் 5-ஆம் நூற்றாண்டுப் பூர்ணவர்மன் கல்வெட்டுகள் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன.

கதை வரிசையைக் காப்பாற்றுகிறது. வடிவத்தைக் காப்பாற்றக் கண் வேண்டும். கடைச் சீட்டும் கடிதமும் ரோமனில் இருக்கும்போது, குழந்தை எதைப் படித்துப் பழகும்?

மாலையில் அதே பலகையடியில் மகள் விரல் வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்தாள். "இது ம... இதன் காலடியில் என்ன?" என்று நடுவில் தடுமாறினாள். அம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தார். இருவரும் சேர்ந்து முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தார்கள்.