ஏழாவது இன்னிங்ஸிலிருந்து வரும் குரங்கு

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே உள்ள அனஹைமில் பேஸ்பால் பைத்தியம் பிடித்த வீடுகளில் ஒரு பொம்மைக் குரங்கு இருக்கும். எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரின் வீட்டிலும் உண்டு. ஏஞ்சல்ஸ் அணி தோற்றுக்கொண்டிருக்கும் மாலைகளில் அதை அலமாரியிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் உட்காரவைப்பார். அணி முன்னிலையில் இருக்கும்போது யாராவது அதைத் தொட்டால் கோபம் வரும். மைதானத்திலும் இதே சட்டம்தான். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அணி பின்தங்கியோ சமநிலையிலோ இருந்தால் மட்டுமே பெரிய திரையில் குரங்கு வந்து குதிக்கும்.

ஏஞ்சல்ஸ் பின்தங்குவது அபூர்வமான காட்சி இல்லை. 2014க்குப் பிறகு அவர்கள் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. 2024இல் 63 வெற்றி, 99 தோல்வி. அணி தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு ஆட்டங்களில் தோற்றதில்லை. அப்படிப்பட்ட அணி ஒரு ராத்திரி எட்டாவது இன்னிங்ஸில் திடீரென்று விழித்து ஜெயித்துவிட்டால், ஆசிரியர் வாசலுக்கு வந்து நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களுக்கெல்லாம் கை கொடுப்பார். எனக்கும் கொடுத்தார். பேஸ்பால் விதிகள் பாதிக்கு மேல் தெரியாத காலம் அது. குரங்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன்.

“டிஸ்னிக்காரன் வேலைதான், வேறென்ன?” என்றார்.

நம்பும்படியான பதில். 1990களின் பிற்பாதியிலிருந்து 2003 வரை அணி டிஸ்னி நிறுவனத்தின் கையில் இருந்தது. டிஸ்னிலேண்டும் அதே ஊரில். பொம்மை விற்பது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனாலும் நிறுவனங்கள் யோசித்துச் செய்கிற விஷயங்களில் இவ்வளவு அசட்டுத்தனம் இருக்காது என்று எனக்குப் பட்டது. பழைய செய்திகளையும் ஆட்டக் குறிப்புகளையும் தேட ஆரம்பித்தேன்.

தேதியே கிடைத்தது: 2000 ஜூன் 6. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் விருந்தாளி அணி. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, ஏஞ்சல்ஸ் 5-4 என்று பின்தங்கியிருக்கிறது. திரையை இயக்கும் அறையில் டீன் ஃப்ராலினோ, ஜேசன் ஹியூம்ஸ் என்று இருவர். ஜிம் கேரி நடித்த 'ஏஸ் வென்சுரா: பெட் டிடெக்டிவ்' படத்தில் ஒரு குரங்கு துள்ளும் துண்டு அவர்கள் கையில் இருந்தது. அதன் மேல் 'ராலி மங்கி' என்று எழுத்தைப் போட்டுத் திரையில் ஓடவிட்டார்கள். ராலி என்றால் தோற்கிற அணி வரிசையாக அடித்து மேலே ஏறி வருவது. கூட்டம் கூச்சல் போட்டது. ஏஞ்சல்ஸ் இரண்டு ரன் எடுத்து 6-5 என்று ஜெயித்தது.

அவ்வளவுதான். கூட்டத்தை எழுப்ப இரண்டு பேர் செய்த குறும்பு. டிஸ்னி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கேட்டி என்ற வெள்ளை முடிக் குரங்கை அழைத்துவந்து புதிதாகப் படம்பிடித்தார்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மார்செல் என்ற குரங்காக வந்தது இதே கேட்டி. குரங்கை நம்பிப் போருக்குப் போவது நமக்கொன்றும் புதிதில்லையே என்று சிரித்துக்கொண்டேன்.

மூலம் கிடைத்துவிட்டது; தேடலை அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த ஜூன் இரவில் இரண்டு ரன் விட்டுக்கொடுத்த பிட்சரின் பெயர் கண்ணில் பட்டது: ராப் நென். ஜயண்ட்ஸின் குளோசர். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பதற்கென்றே வைத்திருக்கும் ஆள். அந்த வேலையில் அன்றைக்கு மிகச் சிறந்தவர்களில் ஒருவர். இந்தப் பெயரை நான் ஏற்கெனவே எங்கோ பார்த்திருந்தேன்.

பார்த்தது சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2002இன் ஆறாவது ஆட்டத்தில்.

அந்த ஆட்டத்துக்குப் போவதற்கு முன்னால் ஏஞ்சல்ஸ் ரசிகரின் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜீன் ஆட்ரி என்ற கௌபாய் பாடகர்-நடிகர் தொடங்கிய அணி இது. முதல் சீசன் 1961. 1998இல் அவர் இறக்கும்வரை அணி உலகத் தொடரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1986 அக்டோபரில் இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தார்கள். பாஸ்டன் அணியின் டேவ் ஹெண்டர்சன் அடித்த ஹோம் ரன்னில் அது போயிற்று. அன்று ஆசிரியர் மைதானத்தில் இருந்தார். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் பேச்சை மாற்றுவார். 1995இல் பெரிய முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிட்டார்கள். 2002 சீசனையும் 6 வெற்றி, 14 தோல்வி என்றுதான் தொடங்கினார்கள். முடித்தது 99 வெற்றி, 63 தோல்வியில். 2024இன் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டது போல!

2002 அக்டோபர் 26. தொடரில் ஜயண்ட்ஸ் 3-2 முன்னிலை. ஆட்டத்தில் 5-0. ஏழாவது இன்னிங்ஸில் இன்னும் எட்டு அவுட் எடுத்தால் கோப்பை ஜயண்ட்ஸுக்கு. ட்ராய் க்ளாஸ், பிராட் ஃபுல்மர் இருவரும் ஆளுக்கொரு சிங்கிள் அடித்ததும், ஜயண்ட்ஸ் மேனேஜர் டஸ்டி பேக்கர் பிட்சர் ரஸ் ஓர்டிஸை வெளியே அனுப்பினார். அனுப்பும்போது ஆட்டப் பந்தை நினைவுப் பரிசாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். தேதி குறிக்காமல் பந்தல் போட்ட காரியம். திரையில் குரங்கு குதிக்கிறது. அடுத்து வந்த ஸ்காட் ஸ்பீஸியோ பந்துகளைத் தட்டித் தட்டிவிட்டு எட்டாவது பந்தில் மூன்று ரன் ஹோம் ரன் அடிக்கிறார். எட்டாவது இன்னிங்ஸில் டாரின் எர்ஸ்டட் இன்னொரு ஹோம் ரன், 5-4. இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது ஜயண்ட்ஸ் தன் குளோசரைக் கூப்பிடுகிறது.

நென் வருகிறார். க்ளாஸ் அடித்த பந்து ஜயண்ட்ஸ் வீரர் பாரி பாண்ட்ஸின் தலைக்கு மேலே பறந்து போய் விழுகிறது. இரண்டு ரன். 6-5.

அதே இரண்டு அணிகள், அதே பிட்சர், அதே ஸ்கோர். அந்த ஆட்டத்தின் பதிவில் ஒலியை மூடிவைத்துப் பார்த்தாலும் திரை அதிர்வது போல இருக்கிறது. காற்றடைத்த பிளாஸ்டிக் குழல்களை மோதிக்கொண்டு ஒரு மைதானமே எழுந்து நிற்கிறது. மறுநாள் ஜான் லாக்கி என்ற புதுமுகப் பிட்சரை வைத்து 4-1 என்று ஜெயித்துக் கோப்பையை வாங்கினார்கள். ஏஞ்சல்ஸின் முதல் கோப்பை. இன்றுவரை ஒரே கோப்பையும் அதுதான்.

குரங்குதான் ஜெயித்துக்கொடுத்ததா? அந்த சீசனின் கணக்கு வேறு சொல்கிறது. மேஜர் லீகிலேயே மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி 2002 ஏஞ்சல்ஸ்தான், மொத்தம் 805. பந்தைத் தவறவிடாமல் தட்டுகிறவர்களுக்கு எதிராக எந்த முன்னிலையும் பத்திரமில்லை. ஸ்பீஸியோவின் அந்த எட்டுப் பந்துகள் சீசன் முழுவதும் அவர்கள் ஆடிய ஆட்டத்தின் தொடர்ச்சிதான். ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்டார், குரங்கை மட்டும் இடம் மாற்றவில்லை.

என் மனது நென்னிடமே நின்றுவிட்டது. அனஹைமிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் லாஸ் அலமிட்டோஸ். அவர் படித்த பள்ளி அங்கே. அப்பா டிக் நென்னும் பேஸ்பால் ஆடியவர். 1963 செப்டம்பர் 18 அன்று செயின்ட் லூயிஸில், தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில், 5-4 என்று டாட்ஜர்ஸ் பின்தங்கியிருந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன்செய்தவர். 13ஆவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஜெயித்தது. ஸ்கோர் 6-5. டாட்ஜர்ஸுக்காக அவர் அடித்த ஒரே ஹிட் அதுதான். அப்பாவின் பெயர் நிலைத்ததும் மகன் நொறுங்கியதும் ஒரே ஸ்கோரில்.

2002 அக்டோபரில் மகனின் தோள் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. வலியோடுதான் எறிந்துகொண்டிருந்தார். அந்த ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சைகள் செய்தும் அவர் மேஜர் லீகில் மீண்டும் ஒரு பந்துகூட வீசவில்லை. 314 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர் 2005இல் ஓய்வை அறிவித்தார்.

இதையும் ஆசிரியரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அவர் தோள் அப்படி இருந்தது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது” என்றார். “தெரிந்திருந்தாலும் கத்தியிருப்போம்.”