கரடிக்கு நான் வைத்த விருந்து

ஆபீஸில் இந்தக் கதையைச் சொன்னபோது, "நல்லா கரடி விடுறே" என்று சிரித்தார்கள். நசரத்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம்? பெங்களூர் நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற இடம் எங்கள் ஊர். இங்கே ராத்திரியில் பயப்பட வேண்டியது ட்ரெய்லர்களுக்குத்தான். அவர்கள் சிரித்ததும் எனக்கு ஒருவகையில் நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அவர்களிடம் நான் சொன்னது பாதிக் கதை.

சின்ன வயதில் பூந்தமல்லித் தெருக்களில் கரடிக்காரர் வருவார். மூக்கில் கயிறு கோத்த கரடி, கோலைத் தட்டினால் பின்னங்காலில் நின்று ஆடும். குழந்தைக்குப் பயம் தெளியட்டும் என்று அதன் முதுகில் உட்காரவைப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். காசு கொடுத்தால் ரெண்டு முடி தருவார். அம்மா அதைத் தாயத்தில் அடைத்து என் இடுப்பில் கட்டினாள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூக்கைத் துளைத்து, பல்லைப் பிடுங்கித்தான் கரடியைப் பழக்குவார்கள் என்பதை வெகுநாள் கழித்துப் படித்தேன். கரடியை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. தெருவில் கரடி வருவது நின்றுவிட்டது. தாயத்தும் தொலைந்துவிட்டது. தெளிந்த பயம் மட்டும் தெளிந்தபடியே இருந்தது. அதுதான் வினை.

2019 ஜூனில் நாங்கள் மூன்று பேர் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போனோம். அங்கிருந்து வாடகை வண்டியில் கோத்தகிரி. வழியில் குஞ்சப்பனையில் பலாப்பழ சீசன். அந்தப் பழத்துக்காகவே யானைகள் தேடி வருகிற இடம் அது. நாங்களும் ஒரு பழம் வாங்கிப் பின்சீட்டில் உருட்டிவிட்டோம். தங்கினது ஒரு தேயிலைத் தோட்டத்து விடுதியில், கூடாரம் அடித்து.

ராத்திரி பழத்தை அறுத்தோம். விடுதியில் வேலை செய்த பையன் ஒரு இரும்பு டிரம்மைக் காட்டி, "எச்சில், சக்கை எல்லாம் இதுல போட்டு மூடிடுங்க சார். கரடி வரும்" என்றான்.

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மற்ற இருவரும் படுத்த பிறகு, சக்கையையும் சடையையும் அள்ளிக்கொண்டுபோய்க் கூடாரத்துக்கு முப்பது அடி தள்ளிக் கொட்டினேன். பஜ்ஜி சுட்ட எண்ணெய் கொஞ்சம் மீந்திருந்தது. அதையும் மேலே ஊற்றினேன். போனைச் சார்ஜில் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும். பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். நம்மூர்க் கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானைப் புற்றிலிருந்து உறிஞ்சி இழுக்கும். சங்கப் பாடல்கள் இந்தக் கரடியை எண்கு என்கின்றன. அது புற்றைக் கிண்டிப் புற்றாஞ்சோறாகிய குரும்பியைத் தின்பதை அகநானூற்றுப் புலவர்கள் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் மாதிரி எழுதியிருக்கிறார்கள். நான் ஜிப்பை நாலு விரல் திறந்து நாற்பது நொடி வீடியோ எடுத்தேன். கறுப்பாக ஒரு குவியல், நெஞ்சில் வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் தெரிந்தது.

பிறகு அது கூடாரத்தை நோக்கி வந்தது. என் கையெல்லாம் பலாப்பழமும் எண்ணெயும் நாறிக்கொண்டிருந்ததே! துணிக்கு அந்தப் பக்கம் மூக்கை வைத்து அது மூச்சு விட்டபோது துணி உள்வாங்கி உப்பியது. பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு நண்பர்களும் கரடியும் கதை ஞாபகம் வந்து, செத்தவன் மாதிரிக் கிடந்தேன். பக்கத்தில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் வாயைப் பொத்தவும் தைரியம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பவும் விருந்துக்கே போய்விட்டது.

ஆபீஸில் சொன்ன கதை இதோடு முடிகிறது.

விடிந்ததும் மூவரும் வீடியோவைப் பார்த்துக் கூத்தடித்துக்கொண்டிருந்தோம். ஆறரை மணி வாக்கில் கீழே பாதையில் தகரம் தட்டுகிற சத்தமும் கூச்சலும் கேட்டன. கொழுந்து பறிக்க வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவைக் கரடி அடித்துவிட்டது. வழக்கமாகக் கூட்டமாகப் போகிறவர்கள். அன்றைக்கு அவர் மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டார். பாதையோர உண்ணிச்செடிப் புதருக்குள் அது படுத்திருந்திருக்கிறது.

சாயங்காலம் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. தோளில் தையல். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் போட்டிருந்தார்கள். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பமாம். நான் கேட்காமலே பேசினார்.

"நாப்பது வருசமா இந்தப் பாதைதான் தம்பி. அது ராத்திரி மேஞ்சிட்டு வெளுக்கறதுக்குள்ள சோலைக்குப் போயிரும். நாங்க பேசிக்கிட்டே, கையத் தட்டிக்கிட்டே போவோம். அதுவும் ஒதுங்கிக்கும். இன்னிக்கு என்னமோ விடிஞ்ச பிறகும் இங்கேயே கெடந்துச்சு."

என்னமோ என்று அவர் சொன்னது என்னைத்தான்.

"ஓடலையாம்மா நீங்க?"

"ஓடினா விடுமா? மொதல்ல எந்திரிச்சு நின்னு மோந்து பார்த்துச்சு. பின்னாலேயே நகந்தேன். பாஞ்சு வந்துருச்சு. குப்புற விழுந்து பிடரியில கையக் கட்டிக்கிட்டேன். முதுகுல கூடை இருந்துச்சு, அது தாங்குச்சு. மூஞ்சியக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று பிறகு விஷயம் தெரிந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது தெரிந்தது. இந்தக் கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்கு மட்டும் கூர்மை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் பத்தடி கிட்டே நாம் வரும்வரை அதற்குத் தெரியாது. தெரிகிறபோது திடுக்கிடும். புலியோடு ஒரே காட்டில் காலம் காலமாக வாழ்ந்த மிருகம் அது. ஓடித் தப்ப முடியாது, மரமேறினால் சிறுத்தை. எதிர்த்து அடிப்பது ஒன்றே அது கற்ற வழி. அடி தலைக்கும் முகத்துக்கும்தான் வரும். நம்மைத் தின்பதற்காக அது வருவதில்லை. எழுந்து நிற்பதும் பாய்வதற்கு இல்லை, மோந்து பார்ப்பதற்கு. அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடுவது மகா முட்டாள்தனம். அது நம்மைவிட வேகமாக ஓடும், நம்மைவிட நன்றாக மரமேறும். அதன் முதுகில் குட்டி இருந்தால் இன்னும் மோசம்.

நான் போகுமுன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவுடையவை. அங்கே மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சுகிற டப்பாவை இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். யோசெமிட்டி காட்டில் ராத்திரி தங்க நடந்து போகிறவர்கள் சாப்பாட்டைக் கரடியால் திறக்க முடியாத டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். சாப்பாட்டு டப்பா விஷயத்தை நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். சுவாரஸ்யம் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். நீலகிரியில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவதும், சத்துணவுக் கூடத்தில் புகுந்து எண்ணெய் டின்னைக் கவிழ்ப்பதும் பேப்பரில் அடிக்கடி வருகிற செய்தி. நாள் பூராவும் புற்றைத் தோண்டிக் கிடைக்கிற கொழுப்பு ஒரு டின்னில் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு அது ஏன் சோலைக்குத் திரும்ப வேண்டும்?

குரங்கணிக் காட்டுத் தீயில் 2018இல் மலையேறப் போனவர்கள் மாண்ட பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறது. போகிறவர்கள் அப்படிப் போகலாம். நாங்கள் இருந்ததோ தனியார் தோட்டம். சட்டத்துக்கு என்மேல் ஒரு வேலையும் இல்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் இரை வைத்து இழுப்பதும் சேர்ந்திருக்கிறது. கரடி அதில் முதல் அட்டவணை மிருகம். அதைப் படித்த அன்று வீடியோவை அழித்தேன். அழித்தது யோக்கியதையால் இல்லை, பயத்தால்.

அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. தலையணைக்குக் கீழே இரண்டாயிரம் ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். "எதுக்குத் தம்பி, முன்னப்பின்ன தெரியாத பிள்ளை" என்று அவர் கும்பிட முயன்றார். ஒரு கைதான் எழுந்தது.

மலைக்குப் போகிறவர்களுக்கு: இருட்டிலும் விடிகாலையிலும் புதர்ப் பாதையில் தனியாகப் போகாதீர்கள், போனால் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள். யாராவது டிரம்மைக் காட்டினால் எச்சிலை அதில் போட்டு, மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள்.